சுதந்திர தினத்துக்கு நான்கு வயதுக் குழந்தை தானே செய்யக்கூடிய கைவேலை எது?

(இணையக் குழு ஒன்றில் நடந்த உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர் இருக்கிறது.)

காகிதக்கப்பல்

மகள் எல்.கே.ஜி. படிக்கிறாள். பள்ளியின் வாட்ஸப் குழுவில் நேற்று இரவு ஓர் அறிவிப்பு வந்தது. சுதந்திர தினத்தன்று ஒவ்வொரு குழந்தையும் நாட்டுப்பற்றைக் காட்டும் கைவினைப் பொருள் ஒன்றைக் கொண்டுவர வேண்டுமாம். சிறந்த மூன்றுக்குப் பரிசாம். கூடவே சென்ற ஆண்டு பரிசு வாங்கியவற்றின் படங்களும் வந்தன. ஒன்றில் தெர்மகோலில் செதுக்கிய செங்கோட்டை. அதன் உச்சியில் கொடி, அடியில் பேட்டரியில் எரியும் விளக்கு. இன்னொன்றில் மணிகள் கோத்த இந்திய வரைபடம், மாநில எல்லைகளுடன்.

எந்த நான்கு வயதுக் குழந்தையின் கை இதைச் செய்யும்? அந்தப் படங்களைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் மகளால் காகிதத்தைக் கிழிக்க முடியும். பசையை விரலால் எடுத்து இழுத்துத் தடவ முடியும். கத்தரிக்கோலை இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் வெட்டுவாள். கோட்டுக்குள் வண்ணம் நிற்காது. இந்தக் கைகளுக்கு ஏற்ற வேலை எது என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு இரண்டு விருப்பங்கள். ஒன்று, முக்கால்வாசி வேலையாவது அவளுடையதாக இருக்க வேண்டும். மற்றொன்று, 16ஆம் தேதி அது குப்பைக்குப் போகக்கூடாது. வழி சொல்லுங்கள்.

பாலர்வகுப்பு

உங்கள் கோபம் நியாயமானது, தோழி. மழலையர் வகுப்பு ஆசிரியையாக ஒன்று சொல்கிறேன்: பெற்றோர் செய்த பொருளை ஆசிரியைகள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவோம். அதைத் தூக்கி வரும் குழந்தைக்கும் தெரியும். "இதை யார் செய்தது?" என்று கேட்டால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும்.

இந்த வயதுக்குக் கிழித்து ஒட்டும் வேலைக்கு ஈடே இல்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிராக இழுத்துக் கிழிக்கும்போது, பின்னாளில் பென்சில் பிடிக்கப்போகும் விரல்கள் பலப்படுகின்றன. கத்தரித்த துண்டைவிடக் கிழித்த துண்டின் ஓரம் பார்க்கவும் அழகு. பழைய கல்யாணப் பத்திரிகை, காலண்டர் தாள், துணிக்கடைப் பை எல்லாமே உதவும். காவி நிறத்துக்குத் தனியாகத் தாள் வாங்க வேண்டியதில்லை. பழைய பத்திரிகைகளில் அந்த நிறம் எப்படியும் கிடைத்துவிடும்.

கொடிதான் செய்யப்போகிறீர்கள் என்றால் அளவைச் சரியாக எடுத்துக்கொள்ளுங்கள். நம் கொடியின் நீளமும் உயரமும் 3-க்கு 2. ஏ4 தாளை அப்படியே எடுத்தால் இந்த விகிதம் வராது. அதை 27 சென்டிமீட்டருக்கு 18 என்று நறுக்கிக்கொண்டால் பட்டை ஒவ்வொன்றும் 6 சென்டிமீட்டர். கணக்கு அழகாக முடியும். கோடு போடாமல் மூன்றாக மடித்துக் கொடுங்கள். குழந்தைக்கு மடிப்புத்தான் எல்லை. விரலால் தடவிப் பார்த்தே "இது காவியின் இடம்" என்று தெரிந்துகொள்ளும். காவி மேலே, வெள்ளை நடுவில், பச்சை கீழே. தலைகீழாகிவிடாமல் இருக்க, தாளின் மேல் ஓரத்தில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டிவிடுவேன். கிளிப் இருக்கும் பக்கம் காவி.

சக்கரத்துக்கு 24 ஆரங்கள். நான்கு வயதில் அதை வரையச் சொல்வது கொடுமை. பெரியவர்கள் ஒரு வட்டத் தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்து, கிடைக்கும் ஆப்பு வடிவத்தை இன்னும் மூன்றாக மடித்தால், விரிக்கும்போது 24 மடிப்புகள் இருக்கும். குழந்தை அந்தப் பள்ளங்களின் மேல் நீலக் கிரயானை ஓட்டினால் போதும். 27-க்கு 18 தாளுக்குச் சக்கரத்தின் விட்டம் ஐந்தரை சென்டிமீட்டர் இருக்கலாம். வெள்ளைப் பட்டையை அது ஏறக்குறைய நிறைத்துவிடும்.

பனையோலை

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலம் முழுவதும் பள்ளிக் கொடியைக் கட்டியும் இறக்கியும் மடித்தும் வைத்தவன். அந்த உரிமையில் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன்.

கொடியைக் கைவேலையாக்காதீர்கள். 16ஆம் தேதி காலையில் ஏதாவது ஒரு பள்ளியின் வாசலில் போய் நின்று பாருங்கள். சாக்கடை ஓரம், பஸ் நிறுத்தம், சைக்கிள் நிறுத்துமிடம் என எங்கும் கொடிகள். காகிதத்தில், பிளாஸ்டிக்கில், சட்டையில் குத்திய குண்டூசியோடு. அவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கொடி விதித்தொகுப்பு, முக்கிய நிகழ்ச்சிகளில் மக்கள் காகிதக் கொடி அசைப்பதை அனுமதிக்கிறது. ஆனால், நிகழ்ச்சி முடிந்ததும் அதைத் தரையில் எறியக்கூடாது, தனியிடத்தில் கண்ணியமாக அப்புறப்படுத்த வேண்டும் என்றும் அதே இடத்தில் சொல்கிறது. முதல் பாதியை எல்லோரும் படிக்கிறோம், இரண்டாம் பாதியை யார் படித்தார்கள்?

கொடியின் மேல் எந்த எழுத்தும் இருக்கக்கூடாது என்பதும் விதி. குழந்தையின் பெயரையும் வகுப்பையும் கொடியிலேயே எழுதி அனுப்புகிறார்களே, அது தவறு. கொடியைத் தலையணை உறையிலோ கைக்குட்டையிலோ அச்சடிக்கக்கூடாது. தரையில் படவிடக்கூடாது. பிளாஸ்டிக் கொடியைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை: தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதலும் தடை. அலங்காரத் தெர்மகோலும் அந்த 2022 பட்டியலில் இருக்கிறது. பரிசு வாங்கிய அந்தச் செங்கோட்டை எதில் செய்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வண்ணக்குடம்

ஐயா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் மறுக்கிறேன். விதிகளைக் காட்டிக் காட்டிக் கொடியைக் குழந்தையின் கையிலிருந்து எடுத்துவிட்டால், அது அதிகாரிகளின் கம்பத்தில் மட்டும் இருக்கும் பொருளாகிவிடும்.

1971ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தை நானும் படித்திருக்கிறேன். கொடியின் படம், ஓவியம், எந்தப் பொருளில் செய்த உருவம் ஆனாலும் அதுவும் கொடியே என்கிறது அது. அப்படியென்றால் எல்.கே.ஜி. குழந்தையின் கிரயான் கிறுக்கலும் கொடிதான். அதற்காகப் பயப்பட வேண்டுமா? கோயம்புத்தூரில் 2013 கிறிஸ்துமஸ் விழா ஒன்றில் மூவண்ணத்தில் இந்திய வரைபடமும் அசோகச் சக்கரமும் வரைந்த பெரிய கேக்கை வெட்டியதற்காக வழக்குப் பதிவானது. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அது அவமதிப்பு ஆகாது என்று தீர்ப்புச் சொல்லி வழக்கை ரத்து செய்தது. அவமதிக்கும் எண்ணம் இருந்ததா என்பதே கேள்வி. நான்கு வயதுக் குழந்தையிடம் ஆசை இருக்கும், அவமதிப்பு எங்கிருந்து வரும்?

பனையோலை

தம்பி, சட்டத்தைக் காட்டி மிரட்ட நான் வரவில்லை. குழந்தையை யாரும் குற்றம் சொல்லப் போவதும் இல்லை. குற்றம் பெரியவர்கள் மீது. அறுபது குழந்தைகளுக்கு அறுபது கொடி செய்யச் சொல்லிவிட்டு, மறுநாள் அந்த அறுபதும் எங்கே போகும் என்று யோசிக்காத பெரியவர்கள்.

திருப்பூரில் 1932 ஜனவரியில் தடியடி பட்டு மண்டை உடைந்து விழுந்த குமரனின் கையில் கொடி அப்படியே இருந்தது. அதனால்தான் அவரைக் கொடி காத்த குமரன் என்கிறோம். அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்த அதே நாளின் மாலையில் கொடியைக் குப்பைக் கூடையில் பார்க்கும் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்?

ஆகவே, செய்வதாக இருந்தால் வீட்டுக்கு ஒன்று செய்யுங்கள். வைத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். சரி, நானே ஒன்று சொல்கிறேன். என் பேரனோடு செய்தது.

முழங்கை நீளத்துக்கு ஒரு மூங்கில் குச்சி. தேங்காய்ச் சிரட்டையில் களிமண் நிரப்பி அதில் நட்டுவிடுங்கள். தையல் நூல் தீர்ந்துபோன மர உருளை ஒன்றைக் குச்சியின் உச்சியில் கம்பியால் கட்டினால் கப்பி தயார். கம்பி வேலை பெரியவர்களுடையது. உருளையின் மேல் நூலை விட்டு இரு முனைகளையும் கீழே கொண்டுவாருங்கள். 15-க்கு 10 சென்டிமீட்டரில் துணிக் கொடி ஒன்றை அதில் கட்டுங்கள். விதித்தொகுப்பில் உள்ள ஒன்பது அளவுகளில் மிகச் சிறியது அதுதான், மேசைக் கொடிக்குரியது.

கொடியைச் சுருட்டி முடிச்சுப் போடுவதற்கு முன் உள்ளே செவ்வந்தி இதழ்களை வையுங்கள். கொடியை எதையும் சுமக்கும் பையாகப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லும் விதித்தொகுப்பே, விரிப்பதற்கு முன் பூவிதழ் வைப்பதை மட்டும் அனுமதிக்கிறது. குழந்தை நூலை இழுக்க வேண்டும். கொடி ஏறும், முடிச்சு அவிழும், இதழ்கள் அதன் தலையிலேயே விழும். என் பேரன் அதன் பிறகு அந்த இதழ்களைப் பொறுக்கி மறுபடி மறுபடி கட்டச் சொன்னான். அந்தக் கம்பம் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை வெளியே வருகிறது.

அங்கன்வாடி அக்கா

ஐயா சொன்ன சிரட்டைக் கம்பத்தை எங்கள் மையத்தில் இந்த ஆண்டு செய்துவிடுவேன். செவ்வந்திக்குப் பதில் எங்கள் வாசலில் உதிரும் பன்னீர்ப் பூ.

எங்களிடம் இருக்கும் குழந்தைகள் இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை. எல்லோருக்கும் ஒரே வேலை கொடுக்க முடியாது. அதனால் தனித்தனிக் கொடி என்று போகாமல், எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பெரிய சக்கரம் செய்கிறோம். பழைய அட்டைப் பெட்டியை வெட்டிப் பெரிய வட்டம். ஓரத்தில் நீலத் துணி நாடா. ஆரத்துக்குத் தென்னை ஈர்க்கு. விளக்குமாற்றிலிருந்து உருவி, கூர்முனையை நறுக்கி, நீலச் சாயத்தில் முக்கிக் காயவைத்துவிடுவேன். குழந்தை ஒவ்வொன்றாக வந்து ஓர் ஈர்க்கைத் தன் இடத்தில் வைத்து அழுத்த வேண்டும். இருபத்து நான்கும் முடியும் வரை எல்லோரும் சேர்ந்து எண்ணுவோம். பத்துக்கு மேல் எண்ணத் தெரியாத சின்னக் குழந்தைகளும் கூட்டத்தோடு சேர்ந்து கத்துவார்கள். குழந்தைகள் குறைவாக வந்தால் பாட்டிமார், தாய்மார் வந்து மிச்சத்தை வைப்பார்கள்.

அதைச் சுவரில் உயரமாக மாட்டிவிடுகிறோம். அடுத்த ஆண்டு பழுதான ஈர்க்கை மட்டும் மாற்றினால் போதும். சக்கரம் ஒன்று, செய்தவர்கள் எல்லோரும். பரிசுப் பேச்சே எழாது.

மிகச் சின்னக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் மணி, பொத்தான், தெர்மகோல் உருண்டை எதையும் வைக்காதீர்கள். ஒரு நொடியில் வாய்க்குள் போய்விடும், மூக்கிலும் திணித்துக்கொள்வார்கள். சட்டையில் குத்தும் குண்டூசியும் வேண்டாம்.

நூல்முடிச்சு

நல்ல உரையாடல். ஆனால் எல்லோரும் கொடியையே சுற்றிச் சுற்றி வருகிறோம். விடுதலை நாள் என்றால் கொடி மட்டும்தானா? நம் மண்ணில் நடந்த கதைகளுக்குள்ளேயே கைவேலை இருக்கிறது. மூன்று சொல்கிறேன்.

முதலாவது உப்பு. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு பேர் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள், உப்பு அள்ள. கைதாகத் தயாராகவே நடந்தார்கள். இந்தக் கதைக்கு உப்போவியத்தைப் போல் பொருத்தமான கைவேலை எனக்குத் தெரியவில்லை. தடித்த அட்டையில் வெள்ளைப் பசையால் குழந்தை எதை வேண்டுமானாலும் வரையட்டும்: அலை, கால்தடம், மீன், சூரியன். பசை ஈரமாக இருக்கும்போதே தூள் உப்பை அள்ளித் தூவச் சொல்லுங்கள். அதிகப்படியைத் தட்டிவிட்டு, தூரிகையை நீர்வண்ணத்தில் தோய்த்து உப்பின் மேல் ஒரே ஒரு புள்ளி தொட வேண்டும். இழுக்கக் கூடாது, தொட்டால் போதும். உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சும்போது வண்ணம் கோட்டின் வழியே தானாக நடந்து போகும். எல்லாக் குழந்தைகளும் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். ஒரு பக்கத்திலிருந்து காவியும் மறுபக்கத்திலிருந்து பச்சையும் வந்து, நடுவில் வெள்ளை உப்பு மிஞ்சுவதை எந்தப் பெரியவரும் திட்டமிட்டுச் செய்ய முடியாது.

இரண்டாவது கப்பல். வ.உ.சிதம்பரனார் 1906இல் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள். காகிதக் கப்பல் மடிக்கத் தெரியாத வீடு நம்மிடம் உண்டா? ஐந்து வயதுக் குழந்தை முதல் மூன்று மடிப்புகளைத் தானே செய்யும், கடைசியில் விரித்து இழுக்கும் இடத்தில் மட்டும் நம் கை வேண்டும். நான்கு வயதுக்கு நீங்கள் மடித்துக் கொடுங்கள். வண்ணம் தீட்டி, பெயர் சூட்டி, மிதக்கவிடுவது அவள் வேலை. தாளில் மெழுகுக் கிரயானை அழுத்தித் தேய்த்தபின் மடித்தால் கப்பல் இன்னும் கொஞ்சநேரம் நனையாமல் நிற்கும்.

மூன்றாவது காற்றாடி. ஓலைக் காற்றாடி நம் குழந்தைகளின் பழைய விளையாட்டு. தென்னோலைக் கீற்று இரண்டை மடித்துப் பின்னி, நடுவில் முள் செருகினால் சுற்றும். சின்னக் கைகளுக்கு ஓலை கடினமாக இருந்தால் தாளில் செய்யலாம். இறக்கைகளில் மூவண்ணம் பூசினாலும் அது கொடி ஆகாது, கீழே விழுந்தால் பதறவும் வேண்டாம். பனையோலை ஐயாவுக்கும் சம்மதமாக இருக்கும் என்று நினைக்கிறேன். முள்ளையோ ஊசியையோ பெரியவர்தான் செருக வேண்டும், முனையில் ஒரு துண்டு ரப்பரைக் குத்தி மூடிவிடுங்கள்.

பனையோலை

முழுச் சம்மதம், அம்மா. உப்பும் கப்பலும் எனக்குத் தோன்றவே இல்லை. பேரனுக்குக் கப்பல் மடித்துத் தருகிறேன்.

காகிதக்கப்பல்

என் பெயரே காகிதக்கப்பல், ஆனால் வ.உ.சி.யை இதோடு சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை! நன்றி, நூல்முடிச்சு.

ஒரு சந்தேகம். நான்கு வயதுக் குழந்தைக்கு உப்புச் சத்தியாகிரகத்தை எப்படிச் சொல்வது? வரி, ஆங்கிலேய அரசு, கைது எல்லாம் அவளுக்குப் புரியுமா? "நம்மைக் கெட்டவர்கள் அடித்தார்கள்" என்று ஆரம்பித்தால் இரவில் பயந்து அழுவாள்.

பாலர்வகுப்பு

நான் வகுப்பில் சொல்லும் முறை இது. ஒரு கிண்ணத்தில் உப்பை வைத்து எல்லோரும் ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்ப்போம். பிறகு:

"இந்த உப்பு எங்கே கிடைக்கிறது? கடல் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் கிடைக்கிறது. கடல் யாருடையது? எல்லோருடையதும். ஆனால் ரொம்ப நாளைக்கு முன்னால், வேறு நாட்டிலிருந்து வந்து நம்மை ஆண்டவர்கள், 'எங்களைக் கேட்காமல் நீங்கள் உப்பு எடுக்கக்கூடாது, காசு கொடுக்க வேண்டும்' என்று சொன்னார்கள். அது சரியா?"

இந்த இடத்தில் வகுப்பே "தப்பு!" என்று கத்தும். தன் பொம்மையைத் தானே தொடக்கூடாது என்றால் எப்படி இருக்கும் என்பது நான்கு வயதுக் குழந்தைக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். "அதனால் நிறையப் பேர் சேர்ந்து, யாரையும் அடிக்காமல், வெயிலில் நடந்து நடந்து கடலுக்குப் போய் உப்பை எடுத்தார்கள்." அவ்வளவுதான். கைதையும் தடியடியையும் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம். குமரனின் கதையையும் நான் மழலையர் வகுப்பில் முழுதாகச் சொல்வதில்லை. "கொடியைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டார்" என்பதோடு நிறுத்துவேன்.

கதையைச் சொன்ன பிறகு உடனே பசையையும் உப்பையும் கையில் கொடுங்கள். இடைவெளி விட்டால் கதை வேறு, வேலை வேறு என்று ஆகிவிடும்.

வண்ணக்குடம்

நீர்வண்ணப் பெட்டி இல்லாதவர்களுக்காக, சமையலறையிலும் வேலியிலும் கிடைக்கும் வண்ணங்கள்.

காவிக்கு: மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து, சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேருங்கள். மஞ்சள் கண்ணெதிரே செம்மஞ்சளாகி, பிறகு செங்கல் நிறத்துக்குப் போகும். வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதே விஷயம். ஆனால் சுண்ணாம்பு குழந்தையின் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். சோடாவோடு நில்லுங்கள்.

நீலத்துக்கு: சங்குப்பூ. நீலப் பூ ஒரு கைப்பிடியைக் கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்தால் சக்கரத்துக்கு வேண்டிய நீலம். பூ நிறைய, தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும். அதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் ஊதாவாகும். அதைக் கடைசியில் செய்து காட்டுங்கள், இல்லாவிட்டால் இருக்கும் நீலம் முழுவதையும் குழந்தை ஊதாவாக்கிவிடும்.

பச்சைக்கு: கீரையை அரைத்து வடிகட்டிய சாறு. அழகாக இருக்கும், ஆனால் நிற்காது. சில நாள்களில் பழுப்பாகிவிடும். வைத்துக்கொள்ளும் பொருள் என்றால் பச்சைக்கு மட்டும் கிரயானோ வண்ணத்தாளோ நல்லது.

பசைக்கு: மைதாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் கிளறிக்கொண்டே இருந்தால் பளபளப்பாகத் திரண்டு வரும். ஆறியதும் பயன்படுத்தலாம். சுவரொட்டி ஒட்டுபவர்கள் பூச்சி வராமலிருக்க இதில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். விரலை வாயில் வைக்கும் வயதில் கண்டிப்பாகச் சேர்க்காதீர்கள். தேவைப்படும்போது புதிதாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

மாக்கோலம்

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடியிருப்பில் ஆண்டுதோறும் வாசலில் பெரிய கொடிக் கோலம் போடுவோம், குழந்தைகளும் வண்ணப்பொடி தூவுவார்கள். பனையோலை ஐயா எழுதியதைப் படித்த பிறகு மனம் உறுத்துகிறது. தரையில் கொடி வரையலாமா?

பனையோலை

கேட்டதற்கு நன்றி. என் கருத்து: வேண்டாம். போடும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருப்பீர்கள். மாலையில் அதன் மேல் செருப்புக் கால்கள் நடக்கும், இரவில் பைக் ஏறும், மறுநாள் துடைப்பத்தால் பெருக்கப்படும். கொடி தரையில் படக்கூடாது என்று சொல்லிவிட்டு அதையே தரையில் வரைவது பொருந்தவில்லை. அதே பொடி, அதே குழந்தைகள், அதே வாசல். வடிவத்தை மட்டும் மாற்றுங்கள்.

நூல்முடிச்சு

மயில் போடுங்கள். 1963 முதல் நம் தேசியப் பறவை. கோலத்துக்கும் பழக்கமான உருவம். உடலைப் பெரியவர்கள் கோட்டில் போட்டுவிட்டால், தோகைக்குக் குழந்தைகள் உள்ளங்கையைப் பச்சைப் பொடியில் அழுத்தி எடுத்து வரிசையாகப் பதிக்கலாம். ஒவ்வொரு கைத்தடத்தின் நடுவிலும் நீலப் புள்ளி. தாமரையும் வரலாம். தமிழ்நாட்டின் செங்காந்தள் மலர் என்றால் சிவப்பும் மஞ்சளும் தீ மாதிரி இருக்கும், பள்ளிக் குழந்தைகள் பெயரையும் கற்றுக்கொள்வார்கள்.

உள்ளங்கைத் தடத்தில் இன்னொரு நன்மை. அடுத்த ஆண்டு அதே குழந்தையின் கை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். வீட்டில் தாளிலும் ஒன்று எடுத்துத் தேதி போட்டு வையுங்கள்.

மாக்கோலம்

மயிலே போடுகிறோம். குடியிருப்புக் குழுவில் இப்போதே எழுதிவிட்டேன். இரண்டு பேருக்கும் நன்றி.

காகிதக்கப்பல்

பரிசு விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பில் மற்ற குழந்தைகள் செங்கோட்டையோடு வரும்போது, என் மகள் உப்போவியத்தோடு போய் நிற்பாள். அவள் முகம் வாடிவிடுமோ என்று இருக்கிறது. பள்ளியிடம் பேசலாமா? பேசினால் "இந்த அம்மா எப்போதும் இப்படித்தான்" என்று ஆகிவிடுமா?

பாலர்வகுப்பு

பேசுங்கள். ஆனால் குறை சொல்லும் தொனியில் குழுவில் எழுத வேண்டாம். வகுப்பு ஆசிரியையை நேரில் பார்த்து இரண்டு விஷயங்கள் கேளுங்கள். ஒன்று: வீட்டில் செய்து கொண்டுவருவதற்குப் பதிலாக வகுப்பிலேயே அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா? பொருள்களை நீங்களே கொண்டுவந்து தருவதாகச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆசிரியைகள் மறுக்கமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் இந்தச் செங்கோட்டைப் போட்டி அலுத்துத்தான் போயிருக்கும். இரண்டு: பரிசுக்குப் பதில், ஒவ்வொரு குழந்தையும் தான் எப்படிச் செய்தது என்று இரண்டு வரி சொல்லட்டும்.

அந்த இரண்டாவதை நான் பல ஆண்டுகளாகச் செய்கிறேன். தானே செய்த குழந்தை நிறுத்தாமல் பேசும். "நான் பசையை இப்படி இழுத்தேன், உப்பு கொட்டிப்போச்சு, அம்மா திட்டல, கலர் ஓடிப்போச்சு." விளக்கு எரியும் கோட்டையைத் தூக்கி வந்த குழந்தை அதன் பின்னால் பேசாமல் நிற்கும். அதைப் பார்த்த பெற்றோர் யாரும் மறு ஆண்டு கோட்டை கட்டுவதில்லை.

உங்கள் மகளின் முகம் வாடாது. கதையோடு போகிறாள்.

அங்கன்வாடி அக்கா

நானும் ஒன்று சேர்க்கிறேன். விழா முடிந்ததும் வாசலில் ஒரு கூடை வையுங்கள் என்று பள்ளியிடம் கேளுங்கள். காகிதக் கொடி கொண்டுவந்த குழந்தைகள் வீட்டுக்குப் போகும்போது, வேண்டுமானால் எடுத்துப் போகலாம், இல்லையென்றால் கசக்காமல் அந்தக் கூடையில் படுக்கவைத்துவிட்டுப் போகலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். நன்றாக இருப்பவை அடுத்த ஜனவரி 26-க்கு. கிழிந்தவற்றை மையத்தின் பின்புறத்தில் நானே தனியாக எரித்துவிடுவேன். சேதமான கொடியை அப்படி முழுதாக எரிக்கலாம் என்று விதியிலேயே இருப்பதாக மேற்பார்வையாளர் சொல்லித் தந்தார். கொடியை அந்தக் கூடையில் வைக்கும் வேலை குழந்தைகளுக்குப் பிடித்துவிட்டது. வரிசையில் நின்று வைக்கிறார்கள்.

பனையோலை

அக்கூடை வைத்த கைகளுக்கு என் வணக்கம். நான் இத்தனை வரி எழுதியதும் அந்தக் கூடைக்காகத்தான்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1947 ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடியைக் கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

காகிதக்கப்பல்

ஆசிரியையிடம் பேசிவிட்டேன். இந்த ஆண்டுப் போட்டியை மாற்ற முடியாதாம், ஆனால் குழந்தைகள் இரண்டு வரி பேசுவதற்கும், வாசலில் கூடை வைப்பதற்கும் சரி என்று சொல்லிவிட்டார்.

இன்று மாலை உப்போவியம் முயன்றோம். நாக்கில் உப்பு வைத்ததும் முகத்தைச் சுளித்துவிட்டு, இன்னொரு கல் கேட்டாள். பசையால் அவள் வரைந்தது ஒரு நீளமான வளைகோடு. என்ன என்று கேட்டேன், "எல்லாரும் நடந்து போற ரோடு" என்றாள். காவியை ஒரு முனையில் தொட்டதும் அது ஊர்ந்து போவதைப் பார்த்து, தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தை மேசையில் சாய்த்துக்கொண்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் செய்ததெல்லாம் பசைக் குப்பியின் மூடியைத் திறந்துகொடுத்தது மட்டும்தான்.

இப்போது ஒரு நடைமுறைச் சிக்கல்: காற்றில் ஈரம் அதிகம், உப்பு இன்னும் சொதசொதவென்று இருக்கிறது. பள்ளிக்கு எப்படி எடுத்துப் போவது?

நூல்முடிச்சு

இரவு முழுவதும் மின்விசிறிக்கு அடியில் தட்டையாக வைத்துவிடுங்கள். நிமிர்த்தி வைத்தால் வண்ணம் வழிந்துவிடும். வெயிலில் வைத்தால் அட்டை சுருளும், வேண்டாம். முழுதாகக் காய ஒரு நாளுக்கு மேல் ஆகலாம், ஆகவே 14ஆம் தேதி செய்யாமல் இப்போதே செய்தது நல்லதாகப் போயிற்று. காய்ந்த பிறகும் உப்பு கொஞ்சம் உதிரத்தான் செய்யும். சட்டைப் பெட்டியின் மூடியில் கிடத்தி, மேலே எதுவும் படாமல், அவள் மடியிலேயே வைத்துக் கொண்டுபோகட்டும். மீதி உப்பும் பசையும் ஒரு டப்பாவில் போட்டு அனுப்புங்கள். வகுப்பில் யாராவது "எனக்கும்" என்று கேட்பார்கள்.